மழையில் நனைந்த காராமணி

இன்று காலை பூந்தமல்லி போவதற்காகத் திருமழிசை நிறுத்தத்தில் நின்றிருந்தேன். இரவெல்லாம் மழை. யாரோ ஒருவர் மொபெட்டின் பின்னால் பசுந்தீவனக் கட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, நெரிசலில் ஊர்ந்து, என்னை உரசாத குறையாகக் கடந்து போனார். கட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாலு துளி என் பாதத்தில் விழுந்தது. அப்புறம்தான் வாசனை வந்தது. பச்சைக் காராமணிக் கொடியை அறுத்தால் வருமே, அதேதான். பேருந்து வந்தது, நடத்துநர் விசில் ஊதினார், ஏறுகிறேனா இல்லையா என்று கேட்டார், போயும்விட்டார். நான் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ படிக்கப்போவதில்லை. நீ இருந்த காலத்திலும் பெரிதாக ஒன்றும் படித்தவள் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டானாலும் பஞ்சாயத்து நோட்டீஸ் ஆனாலும் என் கையில் திணித்து, "இத்த கொஞ்சம் பட்ச்சி சொல்லுக்கா" என்பாய். நான் படித்துச் சொன்னால் அப்படியே நம்புவாய். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு வருஷமாகத் தள்ளிப்போட்டேன்.

எங்களுக்கு ஆவடி குவார்ட்டர்ஸை விட்டுக் கிளம்ப மனமே இல்லை. என் வீட்டுக்காரர் பீரங்கித் தொழிற்சாலையில் ஓய்வு பெற்றதும், திருமழிசைத் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் பின்னால் எப்போதோ வாங்கிப்போட்ட மனையில் வீட்டைக் கட்டினோம். தெருவுக்குப் பெயர் இருந்தது, வீடுகள்தான் இல்லை. எங்களையும் சேர்த்து மூன்றே வீடு. மிச்சமெல்லாம் நாலு மூலைக்கு நாலு மஞ்சள் கல். பழைய ஊர்த்தெரு முடிகிற இடத்தில் உன் வீடு, அதை ஒட்டித் தகரக் கொட்டகை, அதில் உன் ஒற்றை மாடு. அதை நீ பாப்பா என்று கூப்பிட்டாய். கன்று பிறந்த மாதமே போய்விட்டதால், உன் குரல் கேட்டால்தான் அது பால் விடும்.

முதல் வாரமே பால் தண்ணீராக இருக்கிறதென்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஓட்டல் சோறும் கோஸ் எலையும் துன்னுதுக்கா அது. பாலு வேற எப்டி வரும்?" என்றாய். எனக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் விஷயம் உறுத்தியது. நான் தாராபுரத்துக்குத் தெற்கே பிறந்தவள். மழை பெய்தால்தான் பயிர் என்கிற மண். அந்தப் புழுதியை விட்டு வந்ததில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. இருந்தாலும் கண்ணுக்கெட்டிய தூரம் மண் சும்மா கிடக்க, ஒரு மாடு எச்சில் சோறு தின்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

தட்டைப்பயறு போடலாம் என்றேன். நீ தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டாய். தண்ணீரே வேண்டாம், மானாவாரி, மழையை நம்பிப் போடுகிற பயிர், பூ எடுக்கிற சமயத்தில் அறுத்து மாட்டுக்குப் போட வேண்டியது, இரண்டு மாதத்தில் கதை முடிந்துவிடும் என்று அளந்துவிட்டேன். நான் காட்டிய விதையைக் கையில் உருட்டிப் பார்த்து, "அட, காராமணி. இத்த சுண்டல் பண்ணித் துன்னாம மாட்டுக்கா போடுவாங்கோ?" என்றாய்.

விதையில் நுண்ணுயிர் உரப் பொடியை அரிசிக் கஞ்சியில் குழைத்துப் பூசி நிழலில் உலர்த்தினேன். வேளாண்மை அலுவலகத்தில் கொடுத்த பொட்டலம் அது. வெதைக்குக் கஞ்சி ஊத்துற மொத ஆளு நீதான் என்று அன்று முழுக்க என்னைக் கேலி செய்தாய். நாலு மனைகளில் கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி, மண்வெட்டியால் கீறி, சோளமும் பயறுமாகக் கலந்து போட்டோம். எப்போது போட்டோம் என்பதில்தான் என் மேதைத்தனம் இருக்கிறது. புரட்டாசிக் கடைசியில். எங்கள் ஊர்ப் பக்கம் அதுதான் விதைக்கிற காலம். இங்கே ஐப்பசி மழை எப்படிக் கொட்டும் என்பது இத்தனை வருஷம் ஆவடியில் குடித்தனம் செய்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் குவார்ட்டர்ஸில் மழை என்றால் துணி காயாது என்பதற்கு மேல் யோசித்ததில்லை. தீபாவளிக்கு மனையெல்லாம் குளம். நாலு விரல் உயரம் வந்திருந்த நாற்று வெளுத்து, அழுகி, தவளைக்கு வீடாகிவிட்டது.

நான் வெட்கத்தில் ஒரு வாரம் உன் பக்கம் வரவில்லை. நீயே பால் தூக்கோடு வந்து வாசலில் நின்றாய். "இன்னாக்கா, வெள்ளாமைதான அழுவிச்சு, நீயா அழுவின?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு நாம் தோழிகள்.

மறு வருஷம் நீ காலத்தை மாற்றினாய். ஆடியில் நாலு மழை வருமே, அதைப் பிடித்துப் போட்டால் பெருமழைக்கு முன் அறுத்துவிடலாம் என்றாய். இந்த மண்ணின் தண்ணீரை நீ அறிந்திருந்தாய், நான் பயிரை அறிந்திருந்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பயிர் முழங்காலுக்கு மேல் வந்தது. ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் மணி மணியாக இருந்த முடிச்சுகளைக் காட்டினேன். "அய்ய, வேருல அம்மை போட்டுக்கினு கீது" என்று கையை உதறினாய். ஒன்றை நசுக்கி உள்ளே ரோஜா நிறத்தைக் காட்டி, காற்றில் இருக்கிற சத்தை இதுதான் மண்ணுக்குக் கொண்டுவருகிறது என்றேன். நீ நம்பினாய். நான் சொன்னது எதையும் நீ நம்பாமல் இருந்ததில்லை.

அந்த நாலு மனைகளில் ஒன்றின் சொந்தக்காரர் அயனம்பாக்கத்திலிருந்து குடும்பத்தோடு காரில் வந்து இறங்கியது ஞாபகமிருக்கிறதா? மாமியாருக்கு மனையைக் காட்ட வந்தவர், மனை காணாமல் போய் அங்கே ஒரு காடு நிற்பதைப் பார்த்து முகம் சிவந்துவிட்டார். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று அவர் அதட்ட, நான் உன் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். நீயோ, "உன் நெலத்துக்குச் சோறு போட்டுக்கினு கீறோம் சார். ஊடு கட்டுறப்ப ஒரு வார்த்த சொல்லு, அறுத்துக்கினு பூட்றோம்" என்றாய். வேரைப் பிடுங்கி அம்மையையும் காட்டினாய். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, மாமியார் மட்டும் பிஞ்சுக்காயாகப் பார்த்து மடி நிறையப் பறித்துக்கொண்டு போனார்.

பால் கெட்டியானது. உன் முகமும் தெளிந்தது. தினமும் சாயங்காலம் நீ ஒரு சுமை அறுத்து வந்து கொட்டகைத் தகரத்தின் கீழ் பரப்பிவைப்பாய். மறுநாள் வாடிய பிறகுதான் போடுவாய், அதுவும் இரண்டு பிடி வைக்கோல் போட்டு, மாடு அதை மென்று முடித்த பிறகு. நான் அதை உன் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். நேற்று அறுத்ததை இன்று போடுகிறாளே, பச்சையாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று உன்னைக் கிண்டல்கூடச் செய்தேன். நீ சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாய். ஏன் அப்படிச் செய்கிறாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். பயிர் விஷயத்தில் உன்னிடம் நான் என்ன கேட்பது என்கிற திமிர் எனக்கு இருந்தது. இப்போது சொல்கிறேன், அது திமிர்தான்.

போன வருஷப் புரட்டாசியில், பயறு பூவும் பிஞ்சுமாக நின்ற வாரம், உன் கண் மஞ்சளானது. முதலில் கீழாநெல்லி, பிறகு கிளினிக், பிறகு பெரிய ஆஸ்பத்திரி. ஆட்டோவில் ஏறும்போதுகூட உன் பேச்சு மாட்டைப் பற்றித்தான் இருந்தது. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். உன் வீட்டுக்காரருக்குப் பகலில் எஸ்டேட்டில் ஷிப்ட், சாயங்காலம் உன் பக்கத்தில். ஆகவே பாப்பா என் பொறுப்பு. முதல் நாள் அது எனக்குப் பால் விடவில்லை. கடைசியில் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உன்னை மாதிரியே "இன்னா பாப்பா, இன்னா கோவம்" என்று பேசிப் பார்த்தேன். விட்டுவிட்டது. தாராபுரத்துக்காரி மாட்டுக்காக மெட்ராஸ் பாஷை பேசினேன் என்று உன்னிடம் வந்து சொன்னபோது, அந்த நிலையிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

நாலாம் நாள் விடியும்வரை மழை. வைக்கோல் தீர்ந்திருந்தது, கொண்டுவருகிறவன் மழையில் வரவில்லை. பரப்பிவைத்திருந்த பழைய தீவனம் நனைந்து நாற ஆரம்பித்திருந்தது. மாடு பசியில் என்னைப் பார்த்துக் கத்தியது. நான் மனைக்குப் போய், மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட, இருப்பதிலேயே இளசாகப் பார்த்து ஒரு பெரிய சுமை அறுத்துவந்தேன். உன் மாட்டுக்கு நல்லதைக் கொடுக்கிற சந்தோஷத்தில் இருந்தேன், அதை மறைப்பானேன். வெறும் வயிற்றில், அத்தனையையும் போட்டேன். அது தலை நிமிராமல் தின்றது. நான் பக்கத்தில் நின்று ரசித்தேன்.

எங்கள் ஊரில் பயறுக்கொடி எப்போதும் வெயிலில் சுண்டி, சோளத்தட்டோடு சேர்ந்துதான் மாட்டுக்குப் போகும். ஈரம் சொட்டுகிற பயறை நான் பார்த்ததே இல்லை. தண்ணீர் இல்லாத மண்ணில் வளர்ந்தவளுக்கு, தண்ணீரும் பச்சையும் அதிகமாகிவிட்டால் அது கெடுதல் செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டிய அவசியம் வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் இடது பக்க வயிறு மேடு தட்டியது. தட்டிப் பார்த்தால் பறை மாதிரி ஒலித்தது. மாடு பின்காலால் வயிற்றை உதைத்துக்கொண்டது, படுத்தது, எழுந்தது, வாயில் நுரை. கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன். அவர் பூந்தமல்லிப் பக்கம் தண்ணீர் தேங்கிய சாலையில் வண்டி நகராமல் மாட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் கொடுங்கள், முன்னங்கால் மேட்டில் இருக்கிற மாதிரி நிறுத்துங்கள், படுக்கவிடாதீர்கள் என்றார். வீட்டில் இருந்த நல்லெண்ணெயை மூங்கில் குழாய் வழியாக அதன் வாயில் ஊற்றினேன். பாதி என் சேலையில் கொட்டியது. என் வீட்டுக்காரர் கயிற்றைப் பிடித்து இழுத்தார், நான் பின்னாலிருந்து தள்ளினேன். இரண்டு கிழடுகள் ஒரு மாட்டை எவ்வளவு நேரம் நிறுத்திவைக்க முடியும்? அது என் பக்கமாகவே சாய்ந்தது. நான் உன் குரலில் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டேன். அது கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தது. என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. கூப்பிட மட்டும்தான் முடிந்தது.

மருத்துவர் முழங்கால் வரை நனைந்து ஓடிவந்தார். ஊசியை வெளியே எடுத்தவர், மாட்டின் கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு அதை மறுபடி பையில் வைத்தார். தரையில் கிடந்த மிச்சக் கொடியைக் கையில் எடுத்துப் பார்த்தார். ஈரத்தோடு வெறும் வயிற்றில் போட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மூன்றாவது மனையில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த ஜேசிபிக்காரரைக் கெஞ்சி, ஊர் எல்லையில் புதைத்தோம். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் உன் வீட்டுக்காரர் வந்தார். காலிக் கொட்டகையைப் பார்த்தார், கட்டுத்தறியைப் பார்த்தார். நான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கிடந்த கயிற்றைச் சுருட்டி மாட்டிவிட்டு, "அவகிட்ட இப்ப சொல்லாதீங்கக்கா. எய்ந்து வரட்டும். நானே சொல்லிக்கிறேன்" என்றார். எனக்கு அது நியாயமாகவும் பட்டது, நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதிக்காக என்னை நான் மன்னிக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பொய் சொன்னேன். பாப்பா எத்தனை பால் கொடுத்தது, என்னை உதைக்கப் பார்த்தது, ஜேசிபி சத்தத்துக்கு மிரண்டது, எல்லாம் சொன்னேன். நீ கேட்கக் கேட்க எனக்குக் கதை வந்துகொண்டே இருந்தது. உன் வயிறு நாளுக்கு நாள் வீங்கிக்கொண்டு வந்தது. நான் அதைப் பார்க்காமல் உன் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினேன். டாக்டர்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நீ என்னிடம் சீட்டை நீட்டிப் படிக்கச் சொன்னாய். ஈரல் கொஞ்சம் களைத்திருக்கிறதாம், தேறிவிடுமாம் என்று படித்தேன். அதில் அப்படி எழுதியிருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மோர் கொடுக்கலாம் என்றார்கள். நம்ம மாட்டு மோர் வேண்டும் என்றாய். நான் பாக்கெட் பாலில் தயிர் தோய்த்து, கடைந்து, உப்புப் போடாமல் தூக்கில் கொண்டுவந்தேன். இரண்டு மடக்கு குடித்தாய். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு யோசித்தாய். நான் தூக்கை மூடினேன்.

"மோரு வேற மேரி கீதேக்கா. இன்னா தீனி போட்ற?"

பயறுதான் என்றேன். வாயில் அதுதான் வந்தது.

நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். உன் கை சூடாக, எடையே இல்லாமல் இருந்தது. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாய்.

"மய பேஞ்சா அப்டியே அறுத்துப் போட்றாதக்கா. ஊதிக்கினு பூடும். மின்ன எங்க ஊட்ல ஒரு மாடு அப்டிதான் பூட்ச்சி. மொதல்ல வைக்கோலு ரெண்டு புடி. அப்பால, வாடுன காராமணி. ஆட்டோவுல ஏறசொல்லோ சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். ஏம்மேலதான் தப்பு."

உன் மேல் தப்பு என்று நீ சொன்னாய். உன் வீட்டுக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அந்த நிமிஷம் நான் சொல்லியிருக்க வேண்டும். உன் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். சரி கண்ணு என்றேன்.

உனக்கு அது போதவில்லை. நான் கிறுக்குத்தனமாக ஏதாவது செய்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். "எங்க, சொல்லு பாக்கலாம்" என்றாய்.

"மொதல்ல வைக்கோல் ரெண்டு பிடி. அப்பறம் வாடுன காராமணி."

"ஆங்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாய். உன் முகத்தில் ஒரு கவலை இறங்கிப் போனதை நான் பார்த்தேன். அப்புறம் நீ என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் போய்விட்டாய்.

உன்னிடம் நான் கேட்காத மன்னிப்பு என்னிடம் இருக்கிறது, அதைக் கொடுக்க இடமில்லை. அதைவிட அதிகமாக என்னைத் தொந்தரவு செய்வது வேறொன்று. பாத்திரம் தேய்க்கும்போதும் பூ கட்டும்போதும் வாய் தானாகச் சொல்லிக்கொள்கிறது. மொதல்ல வைக்கோல் ரெண்டு பிடி, அப்பறம் வாடுன காராமணி. நீ கேட்டபோது ஒரு வார்த்தைகூட மாறாமல், குரல்கூட நடுங்காமல், நான் அதைச் சரியாக ஒப்பித்தேன்.